புல் முளைக்காத மூன்று மைல்

ஒரு ரயில் பாதையை மூடப்போகிறார்கள் என்ற செய்தி கடிதத்தில் வருவதற்கு முன்பே புல்லில் வந்துவிடும். முதலில் பாதையைப் பராமரிக்கும் கேங்கில் ஆட்களைக் குறைப்பார்கள். மிஞ்சிய ஆட்கள் ஆணியையும் கட்டையையும் பார்த்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்; களைக்கு நேரம் இருக்காது. முதல் மழைக்கு ஜல்லிக்கு இடையில் பச்சை தெரியும். அடுத்த மழைக்குத் தண்டவாளத்தைத் தாங்கும் சிலிப்பர் கட்டைகள் மறையும். எங்கள் கிளைப்பாதையில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் இப்படித்தான் நடந்தது. ஸ்டேஷன் மேடையின் முனையில் நின்று பார்த்தால் தண்டவாளம் இரண்டும் கொஞ்ச தூரம் போய், லாலாங் புல்லுக்குள் நுழைந்து காணாமல் போய்விடும். வழி முழுவதும் அப்படித்தான் இருந்தது, ஒரு மூன்று மைலைத் தவிர.

நான் அப்போது கோலசிலாங்கூருக்குத் தெற்கே, ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த அந்தச் சிறு ஸ்டேஷனில் குமாஸ்தா; அங்கே கிராணி என்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. பத்திரிகை வேலைக்குப் போனது அதற்குப் பிறகு. ஸ்டேஷனுக்கு நான் ஒருவன்தான் ஊழியன் என்பதால், சீட்டு கொடுப்பது, மூட்டையை நிறுப்பது, விளக்கில் எண்ணெய் ஊற்றுவது எல்லாம் என் வேலை. காலையில் ஒரு ரயில், மாலையில் ஒரு ரயில். இரண்டு பயணிகள் பெட்டிகளுக்குப் பின்னால் சரக்கு வண்டிகளைக் கோத்திருப்பார்கள். தோட்டங்களிலிருந்து ரப்பர்ப் பெட்டிகள் வரும். புக்கிட் பெலிம்பிங் பக்கத்துக் கம்பத்திலிருந்து, கம்பம் என்றால் மலாய்க் கிராமம், மலாய்க்காரர்கள் தேங்காயும் கோழிக்கூடையும் கொண்டுவருவார்கள்.

பிறகு சாலை வந்தது. தௌக்கே என்று சொல்லும் சீன முதலாளி ஒருவர் ஏழு பேர் உட்காரும் சிறு பஸ் ஒன்றை விட்டார். அது கை காட்டிய இடத்திலெல்லாம் நின்றது, கோழிக்குச் சீட்டுக் கேட்கவில்லை. தோட்டத்து லோரிகள் ரப்பரை நேரே கிள்ளானுக்கு எடுத்துப் போயின. என் தராசுத் தட்டில் சிலந்தி வலை கட்டியதை ஒரு நாள் காலை பார்த்தேன். இந்தப் பாதையின் வரலாறு என்று யாராவது கேட்டால் அதில் பெரும்பகுதி இவ்வளவுதான்.

மிச்சப் பகுதி இரண்டு பித்தளை வில்லைகளைப் பற்றியது.

ஒற்றைப் பாதையை நாள்தோறும் ஒருவர் நடந்து பார்க்க வேண்டும். அவரைக் கீமேன் என்பார்கள். தோளில் சுத்தியல், இடுப்பில் ஸ்பேனர், கையிடுக்கில் சிவப்பும் பச்சையுமாக இரண்டு கொடிகள். தளர்ந்த ஆணியை அடிப்பார், போல்ட்டை முடுக்குவார். எங்கள் ஸ்டேஷனுக்கும் அடுத்த நிறுத்தத்துக்கும் இடையில் ஆறு மைல். இந்த முனையிலிருந்து ஒரு கீமேன், அந்த முனையிலிருந்து ஒரு கீமேன் கிளம்புவார்கள். நடுவில், பரீட் என்று சொல்லும் பெரிய வாய்க்காலின் மேல் இருந்த இரும்புப் பாலத்தில் சந்திப்பார்கள். ஆளுக்கு ஒரு வில்லை இருக்கும், எண் வெட்டியது. அதை மாற்றிக்கொண்டு அவரவர் முனைக்குத் திரும்ப வேண்டும். நாலாம் எண்ணோடு போனவர் ஐந்தாம் எண்ணோடு வந்தால், ஆறு மைலையும் கால்கள் மிதித்தாயிற்று என்று அர்த்தம். நான் எண்ணையும் நேரத்தையும் புத்தகத்தில் எழுதுவேன். அந்தப் பக்க நிறுத்தத்தில் ஊழியர் கிடையாது. வில்லையை ஆணியில் மாட்டிவிட்டால் மாலை ரயிலின் கார்டு எட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்வார்.

எங்கள் பக்கத்துக் கீமேன் சேலத்துக்காரர், நெட்டையான, வாய் ஓயாத மனிதர். அந்தப் பக்கத்துக் கீமேனும் அவரும் ஒரே கப்பலில் வந்தவர்கள். கப்பலில் பழகியதில் ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்து அது நிலைத்துவிட்டது.

தோட்டத்து மாரியம்மன் திருவிழா முடிந்து கொஞ்ச நாளில், அவர் கொண்டுவந்த வில்லையில் மஞ்சள் கறை இருந்ததைப் பார்த்தேன். பித்தளையின் மஞ்சள் அல்ல. துடைத்தேன், விரலில் ஒட்டியது. மறுநாள் வந்த வில்லையில் இல்லை. அதற்கடுத்த நாள் இருந்தது, எண்ணின் பள்ளத்துக்குள். மூன்றாம் முறை கேட்டுவிட்டேன்.

“இதென்ன காணும், மஞ்சள்?”

“மஞ்சளா? வழியில மஞ்சக் கெழங்கு முளைச்சிருக்கும் ஐயா.”

“பாலத்திலயா?”

அவர் சுத்தியலைச் சுவரில் சாய்த்தார். அதை அவர் ஒருநாளும் செய்ததில்லை; எப்போதும் தோளிலேயே வைத்துக்கொண்டுதான் பேசுவார்.

“ஐயா எழுதாம இருந்தா சொல்றேன்.”

“முதலில் சொல்லும்.”

“மச்சானுக்குக் கால்ல புண்ணு. முள்ளு குத்துனது. மொதல்ல சின்னதா இருந்திச்சு, இப்ப கொட்டாங்கச்சி அளவுக்கு ஆயிருச்சு. எட்டு வைக்க முடியல. தங்கச்சிதான் நடக்குது.”

தங்கச்சி என்று அவர் சொன்னது அந்தக் கீமேனின் மனைவியை. கணவரின் காக்கிக் கோட்டைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு, அந்த மூன்று மைலையும் அவள் நடக்கிறாள். வில்லையை முந்தானையில் முடிந்துகொண்டு வருகிறாள். மஞ்சள் அங்கிருந்து வந்தது.

“ஆஸ்பத்திரி இருக்குதே,” என்றேன்.

“ஆஸ்பத்திரிக்குப் போனா பேரு எழுதுவாங்க. பேரு எழுதுனா கப்பலு.”

அது உண்மைதான். பாதையை மூடினால் யாரை மெயின் லைனுக்கு எடுப்பது, யாரை ஊருக்குத் திருப்பி அனுப்புவது என்று பட்டியல் தயாராகிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. நோயாளிகள் இரண்டாவது பட்டியலில் முதலில் வருவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

“ஊருக்குப் போறதில என்ன பயம்? கன பேர் ஆசையாப் போகினம்.”

“அவுங்களுக்கு ஊரு ஏதுங்க? அவன் வேற சாதி, அது வேற சாதி. ராத்திரியோட ராத்திரியா ஓடி வந்து கப்பல் ஏறுனவங்க. திரும்பிப் போனா ரெண்டு பேரையும் வெட்டிப் போட்டுருவானுங்க. அது அண்ணன்காரனே வெட்டுவான்.”

நான் புத்தகத்தை விரித்து எண்ணையும் நேரத்தையும் எழுதினேன். அதில் வேறு கட்டம் இல்லை. ரயில் ஆட்களுக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கோட்டுக்குக் கீழே சேலை பறப்பது என்ஜினிலிருந்து தெரியாமல் இருக்காது. யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கீமேனோடு நானும் பாலம்வரை நடந்தேன். எங்கள் பக்கம் முழங்கால் உயரப் புல். அவர் கம்பால் விலக்கிவிட்டு ஆணியைத் தேடி அடித்துக்கொண்டு வந்தார். பாலத்தை நெருங்கியதும் எதிர்ப்பக்கத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். பாலத்துக்கு அப்பால் ஜல்லி கழுவி வைத்ததுபோல் இருந்தது. கட்டைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. அதன் நடுவில் அவள் குந்தி உட்கார்ந்து, வலது கையால் புல்லைப் பிடுங்கி இடது கையில் சேர்த்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, முறைப்படி பச்சைக் கொடியை விரித்துக் காட்டினாள். ரயிலுக்குக் காட்டுவதை எங்கள் இருவருக்கும் காட்டினாள்.

“போதும், எறக்கு தங்கச்சி. ஐயாவை என்னா, ரயிலு இஞ்சினுன்னு நெனச்சியா?” என்றார் கீமேன்.

“கிராணி ஐயாவாங்க,” என்று அவள் கொடியைச் சுருட்டினாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கோட்டின் கையை நான்கு மடிப்பு மடித்திருந்தாள்.

அவள் சுத்தியலால் தண்டவாளத்தின் இணைப்பில் ஒரு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்து ஓசையைக் கேட்டாள். கணவர் வீட்டில் படுத்தபடியே சொல்லிக் கொடுத்தாராம். பிறகு இருவரும் வில்லைகளை மாற்றிக்கொண்டார்கள். நான் புல்லைக் காட்டினேன்.

“இது கீமேன் செய்யிற வேலை இல்லை. புல், கேங்குக்கு.”

“தெரியுங்க. எட்டு வருசம் தோட்டத்துல புல்லுவெட்டு. புல்லு நிக்கிற எடத்துல சும்மா நிக்க வரலீங்க. வேல வாங்குற மண்டோரு பின்னால வந்து ஏசுற மாதிரியே இருக்கு.”

“மண்டோரு இங்க எங்க வந்தாரு?” என்றார் கீமேன். “நீ இப்படிப் புடுங்கிப் புடுங்கி வையி. ஒம் பக்கம் கண்ணாடி, எம் பக்கம் காடு. தொரை பார்த்தா எனக்குத்தான் ஒத விழும்.”

“நீங்களும் ரெண்டு புடுங்குங்கண்ணே. கையி தேஞ்சா போயிரும்?”

மூவரும் சிரித்தோம். அந்த இடத்தில் யோசித்திருக்க வேண்டியவன் நான். காடாகிப் போன பாதையில் மூன்று மைல் மட்டும் சுத்தமாக இருந்தால், பார்ப்பவர் எதைக் கேட்பார் என்பது காகிதத்தோடு பழகியவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. துரை திட்டினால் காட்டைப் பார்த்துத்தான் திட்டுவார் என்று மூவரும் நினைத்தோம். பாராட்டுவார் என்று யாரும் நினைக்கவில்லை.

பாதை இன்ஸ்பெக்டர் துரை பட்டியலுக்காக வந்தது ஒரு பிற்பகல், கீமேன்கள் நடந்து முடித்த பிறகு. கோலசிலாங்கூர் முனையிலிருந்து டிராலியில் வந்தார். நான்கு பேர் தண்டவாளத்தின்மேல் ஓடித் தள்ள, நடுவில் நாற்காலியில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். அவர் தமிழ் சரளமாகப் பேசுவார். கேங்கு ஆட்களிடம் கற்றதால், அவர் தமிழில் வாங்க, போங்க கிடையாது. ஸ்டேஷன் மேடையில் இறங்கியதும் எங்கள் கீமேனைப் பார்த்துக் கேட்டார்.

“பாலத்துக்கு அப்பால எவன்டா கீமேன்?”

கீமேன் பெயரைச் சொன்னார்.

“இந்த லைன் பூராவும் பார்த்துட்டேன். வேலை தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான். ஒரு புல்லு இல்லே. ஒரு போல்ட் ஆடலே. உன் பக்கம் பன்னி மேயலாம்.” டிராலி தள்ளியவர்கள் சிரித்தார்கள். அவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். “மெயின் லைன்ல ஒரு கேங்குக்கு மேஸ்திரி வேணும். அவனைப் போடறேன். நாளைக்குக் காலையில இங்க வரச் சொல்லு. ரயில்ல இல்லே, நடந்து வரட்டும். ஆளைப் பார்க்கணும்.”

மேஸ்திரி வேலை என்றால் மெயின் லைனில் நிரந்தர வீடு. கப்பல் பேச்சே இல்லை. அந்தக் குடும்பத்துக்கு என்ன வேண்டுமோ அதை அவர் கையில் எடுத்து நீட்டினார். நடந்துவந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

துரை தோட்டத்து மானேஜர் பங்களாவுக்குத் தங்கப் போனதும் கீமேன் என் மேசைக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“காய்ச்சல் எண்டு சொல்லுவமே?” என்றேன்.

“சொன்னா ஒடனே ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரை அனுப்புவாரு. அவன் கோமணத்தை அவுக்காத கொறையாப் பார்ப்பான்.”

“நீர்தான் புல் பிடுங்கினதெண்டு சொன்னால்?”

“எம் பக்கத்தைப் பார்த்துட்டுல்ல வந்திருக்காரு?”

கீமேன் மாலை ரயிலில் ஏறி, செய்தியைச் சொல்ல அந்த நிறுத்தத்துக்குப் போனார்.

மறுநாள் காலை துரை மேடை பெஞ்சில் உட்கார்ந்து பைப் பற்ற வைத்தார். பாதை நேராக இருந்ததால் வருகிற ஆள் வெகு தூரத்திலேயே தெரிந்தார். காக்கிக் கோட்டு தெரிந்தது, தோளில் சுத்தியல் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் நெருங்கியதும் புல்லுக்கு மேல் சிவப்புச் சேலை தெரிந்தது. துரை பைப்பை வாயிலிருந்து எடுத்தார்.

அவள் மேடையில் ஏறி, துரையைத் தாண்டி என்னிடம் வந்து வில்லையைக் கொடுத்தாள். முறை அதுதான். நான் வாங்கிக்கொண்டேன். ஆறு மைல் நடந்ததில் புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது.

“ஆள் எங்கே?” என்றார் துரை.

“நான்தாங்க தொரை.”

“உன் புருசன் எங்கே?”

“வூட்டுல படுத்திருக்காரு. கால்ல புண்ணு. மாரியம்மன் திருவிழா முடிஞ்சதுலேந்து நான்தாங்க நடக்குறேன். புல்லும் நான்தான் புடுங்குனேன். பொய் சொல்லி வேல வாங்கினா, பொறவு மேஸ்திரியா நிக்க வேண்டியது அவருதானே? ஒரே நாள்ல தெரிஞ்சு போயிரும்ங்க.”

துரை என் பக்கம் திரும்பினார். “கிராணி, உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“ஏன் எழுதலே?”

“வில்லை ஒரு நாளும் பிந்தவில்லை. புத்தகத்தில் கேட்டிருப்பது எண்ணும் நேரமும்தான்.”

அவர் புத்தகத்தை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். ஒரு நாளும் விட்டுப்போகவில்லை. கடைசியில் அவளிடம் சொன்னார், குரலை உயர்த்தாமல்: “பொம்பளைக்குக் கீமேன் வேலை கிடையாது. சட்டத்துல இல்லே.”

“எனக்கு வேல வேணாங்க. கப்பல்ல மட்டும் ஏத்தாதீங்க.”

“ஏன்?”

அவள் கழுத்தில் விரலை வைத்து ஒரு கோடு இழுத்துக் காட்டினாள். துரை அவளையே பார்த்தார். பிறகு டிராலியைக் கொண்டுவரச் சொல்லி, அவளையும் அதில் ஏற்றிக்கொண்டு புண்ணைப் பார்க்கப் போனார். இன்ஸ்பெக்டர் டிராலியில் ஒரு புல்வெட்டுக்காரி உட்கார்ந்து போனதை நான் அன்றுதான் பார்த்தேன். தள்ளியவர்களில் ஒருவன், “பாத்து உக்காரு மேஸ்திரி” என்றான். அவள், “வாய மூடிட்டுத் தள்ளுறா” என்றாள்.

அன்றே அவள் கணவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டிரெஸ்ஸர் சொன்னதை எங்கள் கீமேன்தான் வந்து சொன்னார். சொல்லிவிட்டுச் சுத்தியலைச் சுவரில் சாய்த்தார். நாங்கள் மறைத்துக்கொடுத்த வாரங்களை நான் புத்தகத்தில் எண்ணிப் பார்த்தேன். அவர் எண்ணவில்லை. எண்ணத் தேவையில்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது.

பாதையை மூடும் உத்தரவு வந்தது. கடைசி ரயிலில் வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். ஆறு மாதமாகப் பஸ்ஸில் போனவர்கள் எல்லாம் வந்து ஏறினார்கள். எங்கள் கீமேனுக்குச் செரண்டா பக்கம் மெயின் லைனில் வேலை கிடைத்தது. என்னைக் கோலாலம்பூருக்கு மாற்றினார்கள். மூடிய பாதைக்குக் காவல்காரர் ஒருவர் தேவைப்பட்டார். தண்டவாளத்தைக் கழற்றி எடுக்கும்வரை போல்ட்டும் இரும்பும் களவு போகாமல் பார்க்க வேண்டும். உட்கார்ந்து பார்க்கும் வேலைதான். அதே வீட்டில் இருந்துகொள்ளலாம். துரை அந்த வேலைக்கு ஒற்றைக்கால் கீமேனின் பெயரை எழுதினார். அதை முழுக்க இரக்கம் என்று நான் எழுத மாட்டேன். ஒரு ஆள் சம்பளத்தில் இரண்டு பேர் வேலை செய்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் எழுதினார்.

ஓராண்டுக்குப் பிறகு, அதற்குள் பத்திரிகையில் சேர்ந்திருந்தேன், வேறு வேலையாக அந்தப் பக்கம் போன நான் சிறு பஸ்ஸிலிருந்து இறங்கி அவர்கள் வீட்டுக்கு நடந்தேன். என் பழைய ஸ்டேஷனிலிருந்து பாலம்வரை தண்டவாளம் இல்லை, கழற்றியாயிற்று. கட்டைகள் கிடந்த இடத்தில் ஏணிப்படிபோல் தடம் மட்டும் இருந்தது. பாலத்தில் ஏறி அப்பால் பார்த்தேன். சுத்தமான மூன்று மைலைத் தேடினேன். இடுப்பு உயரத்துக்கு லாலாங் நின்றது. அதற்குள் தண்டவாளம் இருக்கிறதா என்றே தெரியவில்லை.

வீட்டு வாசலில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து கூடை பின்னிக்கொண்டிருந்தார். அவரை நான் நேரில் பார்த்தது அதுவே முதல் தடவை. கட்டைக்காலைச் சுவரோரம் கழற்றி வைத்திருந்தார். அவள் உள்ளிருந்து வந்து கும்பிட்டாள்.

“என்ன, புல்லை விட்டுட்டீரோ?” என்றேன்.

அவர் சிரித்தார். “அவளைக் கேளுங்க.”

“வேணுமின்னுதாங்க விட்டிருக்கு,” என்றாள் அவள். “தண்டவாளத்தைக் கழட்டிட்டா காவல் எதுக்கு, வூடு எதுக்கு? போன மாசம் காண்ட்ராக்டு ஆளுங்க பாலத்துமேல நின்னு பார்த்தாங்க. பாம்பு இருக்குமான்னு கேட்டாங்க. நெறைய இருக்குன்னேன். மழ விட்டு வர்றோமின்னு போனாங்க.”

“மழை விட்டதும் வந்தால்?”

“புல்லு இன்னும் ஒசந்திருக்கும்ல?”

வழியனுப்பப் பாலம்வரை அவள் கூட வந்தாள், நாங்கள் இருவரும் புல்லை விலக்கி விலக்கி நடந்தோம். எங்கள் பழைய கீமேனைப் பற்றிக் கேட்டாள். செரண்டாவில் இப்போது அவர் தினமும் யாரோடு வில்லை மாற்றுகிறார் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பேசிக்கொண்டே குனிந்தவள், இரண்டு கட்டைகளுக்கு இடையில் இருந்த ஒரு கொத்தை வேரோடு பிடுங்கிவிட்டாள். கையைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, அதைப் பிடுங்கிய குழியிலேயே திரும்ப நட்டு, காலால் மண்ணை அழுத்திவிட்டாள்.